காற்றுத் துவக்கு வாங்க விரும்புவோர்க்கு

ஒலிம்பிக் பந்தயங்களைத் தொலைக்காட்சியிற் பார்த்த மாணவன் ஒருவன், “அப்பா, எனக்கும் ஒரு காற்றுத் துவக்கு வாங்கித் தாருங்கள், விலை குறைந்ததாயினும் அரைத் தானியங்கியாக இருக்கவேண்டும்” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கரவெட்டியில் ஒரு வீட்டில் இக்கேள்வி எழுமாயின், தந்தை சிறிது நேரம் பேசாதிருப்பார். தாய் குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார். துவக்கு என்ற சொல்லுக்கு இவ்வூர் மக்களின் நெஞ்சிலே வேறு பொருள் உண்டு. 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சியில் தொடங்கிய படை நடவடிக்கையை நேரிற் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிவுற்றபோதிலும், அந்த ஓசையை அவர்தம் செவிகள் மறந்துவிடவில்லை.

ஆயினும், “வேண்டாம்” என்ற ஒரு சொல் பிள்ளையின் ஆர்வத்துக்குத் தக்க விடையாகாது. காற்றுத் துவக்கு என்பது யாது, அதன் வகைகள் எவை, தொடக்கநிலையில் உள்ளவருக்கு எது ஏற்றது என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கிருந்து ஆராய்வதே முறை. அவ்வாராய்ச்சிக்குத் துணையாகச் சில செய்திகளை இங்கே கூறுவோம்.

அடைபட்ட காற்றின் ஆற்றல்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள். காற்று ஒடுங்கி, விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேற முயல்வதை உணர்வீர்கள். மூங்கிற் குழாயிற் பச்சைக் காயை அடைத்துத் தடியால் தள்ளி வெடிக்கச் செய்யும் சிறுவரின் விளையாட்டும் இந்த உண்மையையே காட்டுகின்றது. காற்றுத் துவக்கிலே காய்க்குப் பதிலாக ஈயச் சன்னம் இருக்கின்றது, வேறுபாடு அவ்வளவே. வெடிமருந்து இதில் இல்லை.

இது புதிய பொருளுமன்று. 1780ஆம் ஆண்டளவில் ஆஸ்திரியப் படையினர் ஜிரார்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துவக்கைப் பயன்படுத்தினர். ஏறத்தாழ இருபது குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுடவல்ல அத்துவக்கின் காற்றுக் கலத்தை நிரப்ப, ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை பம்பு அடிக்க வேண்டியிருந்ததாம்! பின்னர் அமெரிக்காவிலே, மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் நகரிற் காற்றாலைகள் செய்து விற்ற கம்பனியொன்று, காற்றாலை வாங்கும் கமக்காரருக்குச் சிறிய காற்றுத் துவக்கொன்றை இனாமாகக் கொடுத்தது. காற்றாலையிலும் இனாமையே மக்கள் பெரிதும் விரும்பினர். 1895ஆம் ஆண்டில் அக்கம்பனி அத்துவக்கின் பெயரான ‘டெய்சி’ என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது.

நான்கு வகைகள்

இன்று விற்பனையாகும் காற்றுத் துவக்குகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சுருள்வில் வகை. குழலை மடக்கி வில்லை இறுக்கிச் சன்னம் ஒன்றை இட்டால் ஒருமுறை சுடலாம். மறுபடி சுட மறுபடியும் மடக்க வேண்டும். இரண்டாவது, கையாற் பலமுறை பம்பு அடித்துக் காற்றைச் சேர்க்கும் வகை. மூன்றாவது, காபனீரொட்சைட்டு அடைத்த சிறு உருக்குக் குப்பியால் இயங்குவது. நான்காவது, மிக உயர்ந்த அமுக்கத்திற் காற்றை முன்கூட்டியே கலத்தில் நிரப்பி வைப்பது. சிறந்த போட்டித் துவக்குகள் இவ்வகையைச் சேர்ந்தன. இவற்றின் விலையும், காற்று நிரப்பும் சாதனத்தின் விலையும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாதவை.

விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு வெளியேறி, அடுத்த குண்டு தானே ஆயத்தமாகும் துவக்கையே அரைத் தானியங்கி என்பர். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்றாம் வகையின. சிறு உருக்குக் குண்டுகளைச் சுடுவன. இவற்றையே இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். ஆகவே இவற்றின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்போம்.

மலிவு எது?

அரைத் தானியங்கியை இயக்குவது எளிது, தோள்வலி இல்லை. ஆனால் வாங்கும் விலையோடு செலவு நின்றுவிடுவதில்லை. 12 கிராம் குப்பியொன்று ஏறத்தாழ ஐம்பது முறை சுடுவதற்கே போதும். விரைவாகச் சுட முடிவதால் அந்த ஐம்பதும் சில நிமிடங்களிலே தீர்ந்துவிடும். நெல்லியடிச் சந்தைக்குப் போய்க் குப்பி வாங்கி வரலாம் என்று எண்ணுவதற்கில்லை. குப்பி இல்லையேல் துவக்கு வெறும் இரும்புத் துண்டே.

விஞ்ஞான மாணவர் கவனிக்கத்தக்க வேறொரு குறையும் உண்டு. குப்பியினுள்ளே காபனீரொட்சைட்டு திரவமாக இருக்கின்றது. 20 பாகை செல்சியசில் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 57 மடங்கு. 30 பாகையில் ஏறத்தாழ 70 மடங்கு. 31 பாகைக்கு மேலே அது திரவமாக நிற்பதேயில்லை. நமது சித்திரை வெயிலில் அவ்வெல்லையைத் தாண்டுதல் மிக எளிது. ஆகவே காலையில் ஒரு வேகமும் நண்பகலில் வேறொரு வேகமுமாகக் குண்டு பாயும். விரைந்து சுடும்போது வாயு குளிர்ந்து வேகம் மேலும் குறையும். குறி தவறியது தன் கையாலா, வாயுவாலா என்று பழகுபவர் அறிய இயலாது. வெயிலில் விடப்பட்ட குப்பி ஆபத்தானது என்பதையும் மறத்தலாகாது.

இவை யாவற்றிலும் பெரிய குறை மூன்று. உருக்குக் குண்டு கடினமான பொருளிற் பட்டாற் சுட்டவரை நோக்கியே திரும்பிப் பாயக்கூடும். அடுத்த குண்டு எப்போதும் ஆயத்தமாக நிற்பதால், துவக்கு வெறுமையானது என்று மயங்குவதும் எளிது. அன்றியும், இவற்றுட் பல உண்மையான கைத்துப்பாக்கியின் உருவத்தை அப்படியே கொண்டவை. தொலைவில் நிற்கும் பொலிசாருக்கோ அயலவருக்கோ வேறுபாடு தெரியாது. துவக்கைக் கண்டு நடுங்கிய தலைமுறையொன்று வாழும் ஊரில், அதனை விளையாட்டுக்காக ஒழுங்கையில் ஏந்திச் செல்வது பிறர் மனத்தைப் புண்படுத்துவது மட்டுமன்று. ஏந்துபவனின் உயிருக்கே ஊறாகலாம்.

இவற்றை எண்ணுமிடத்து, தொடக்கநிலையில் உள்ளவருக்கு 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சன்னத்தைச் சுடும் ஒற்றைச் சுருள்வில் துவக்கே ஏற்றது என்பது நம் கருத்து. குப்பி வேண்டியதில்லை, சன்னமும் மலிவு. ஒருமுறை சுட்டபின் நின்று, குழலை மடக்கி, சன்னம் இட்டு, மூச்சை அடக்கி மறுபடி குறிபார்க்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தாமதமே ஆசிரியர்.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

வேகம் மிகுந்தது என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். பத்து மீற்றர்ப் போட்டிகளில் வழங்கும் துவக்குகளின் சன்னம் நொடிக்கு 170 மீற்றர் அளவான வேகத்திலேதான் செல்கின்றது. பழகுபவர் தம் கையாற் குழலை மடக்கவும், துவக்கைத் தோளில் ஏந்தி ஒரு நிமிடம் நடுங்காது நிற்கவும் இயலுமா என்று பாருங்கள். இரும்புக் குறிகாட்டியே போதும், தொலைநோக்கி வேண்டியதில்லை. பழைய துவக்காயிற் குழலின் உள்ளே துருவும், கட்டையில் வெடிப்பும் உளவா என்று நோக்குக. வில்லும் தோல் அடைப்பும் பின்னர் மாற்றக் கிடைக்குமா என்றும் கேட்டறிக.

சன்னம் இடாமற் சுருள்வில் துவக்கைச் சுடுதல் கூடாது. உள்ளிருக்கும் ஆடுதண்டு மோதிச் சிதையும். குழல் மடங்கியிருக்கையிற் கையை விட்டால் அது மீண்டெழுந்து விரலைத் துண்டிக்கவும் கூடும். ஈயச் சன்னத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியே உணவைத் தொடவேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. கண்ணாடிக்குப் பணம் இல்லையெனில், துவக்குக்கும் பணம் இல்லை என்று கொள்க.

சட்டமும் இடமும்

இலங்கையிலே துவக்குகள் பற்றிய சட்டம் 1916ஆம் ஆண்டு முதலாக உள்ளது. விதிகள் வர்த்தமானி மூலம் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலாற் பணம் கொடுக்குமுன் பொலிஸ் நிலையத்திலும் மாவட்டச் செயலகத்திலும் அனுமதி பற்றிக் கேட்டு, எழுத்தில் விடை பெறுவதே அறிவுடைமை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீற்றருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துவக்குக்கு உரிமப் பத்திரம் வேண்டியதில்லை. சென்னை மெரினாக் கடற்கரையிற் பலூன் சுடும் கடைகளைப் பார்த்தவர்கள் அதனை அங்கு வாங்கிப் பயணப் பெட்டியில் வைத்து வந்துவிடலாம் என எண்ணுதல் பெருந்தவறு. அந்நாட்டு விதி இந்நாட்டிற் செல்லாது.

தோட்டத்தைக் காக்கவே வாங்குகிறோம் என்பாரும் உண்டு. விலங்குகளாற் பயிர்கள் அழிவது மெய்யே. அதன்பொருட்டன்றோ 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்குகளையும் மயில்களையும் எண்ணினார்கள்! எனினும் காற்றுத் துவக்கின் சன்னம் பெரும்பாலும் கொல்வதில்லை. காயப்படுத்திப் பலநாள் வதைக்கின்றது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம், சிறு பட்டியலொன்றிலுள்ளவை நீங்கலாகப் பறவைகள் யாவற்றையும் காக்கின்றது. வல்லைவெளி நீரிலே வந்திறங்கும் நாரையும் கொக்கும் எவருடைய குறிப்பலகையும் அல்ல.

நமது ஊரில் வேலிக்கு வேலி வீடு. சன்னமோ தடையின்றேற் சில நூறு மீற்றர் செல்லவல்லது. கிடுகு வேலி அதனைத் தடுக்காது. எனவே குறிப்பலகைக்குப் பின்னே மண் நிரப்பிய தடித்த அணை இருத்தல் வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். ஒவ்வொரு வீடும் தனித்தனியே துவக்கு வாங்குவதிலும், அனுமதி பெற்ற பயிற்றுநரின் கீழ், முறையான சுடுதளத்திற் பலர் ஒரு துவக்கிற் பழகுவது சிக்கனமானது, நெஞ்சுக்கும் நிம்மதியானது.

பத்து மீற்றர்க் காற்றுத் துவக்குப் போட்டி 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது. 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்திரா இப்போட்டியிலேதான் இந்தியாவின் முதலாவது தனிநபர்த் தங்கத்தை வென்றார். 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த மகளிர் போட்டியிலே, கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவனும் இலங்கையின் தெஹானி எகொடவெலவும் ஒரே களத்தில் நின்று சுட்டனர். அவர்கள் குறிவைத்த நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றர். அப்போட்டியில் அரைத் தானியங்கிக்கு இடமில்லை. ஒவ்வொரு சன்னத்தையும் தம் கையாலே இட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறிபார்த்தே சுடவேண்டும். உலகின் தேர்ந்த வீரருக்கு அது போதுமாயின், நம் பிள்ளைகளுக்கும் அதுவே போதும்.