சின்ன அரங்கில் ராக் இசை: கொல்கத்தா ரசிகருக்குச் சட்டம் தரும் காப்பு

கொல்கத்தாவின் ராக் மரபு பழையது. பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் உணவகம் 1960-களிலேயே மேடைப் பாடல்களுக்குப் பேர்போனது. பாடகி உஷா உதுப் அங்கே பாடித்தான் அந்நகரத்துக்காரர் ஆனார். 1975-இல் மொஹீனேர் கோராகுலி குழு வங்க மொழியில் ராக் பாடலுக்கு வழி திறந்தது. பார்க் ஓட்டலின் சம்ப்ளேஸ் எல்ஸ் பப்பில் 1990-களிலிருந்து உள்ளூர்க் குழுக்கள் வாசித்து வந்திருக்கின்றன. இத்தகைய சிறிய அரங்குகளில் பாடகரும் ரசிகரும் கையெட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள். அந்த நெருக்கத்துக்காகவே கூட்டம் வருகிறது. தீ, நெரிசல், செவிப் பாதிப்பு, சீண்டல் எல்லாம் அங்கே எளிதில் நேர்வதற்கும் அந்த நெருக்கமே காரணம்.

இவற்றில் தீயே கொடியது. 2015 அக்டோபர் 30 அன்று ருமேனியாவின் புகாரெஸ்டில் கொலெக்டிவ் கிளப்பில் ஒரு ராக் குழுவின் ஆல்பம் வெளியீடு நடந்தது. மேடை வாணவேடிக்கையின் பொறி, ஒலியடக்கத்துக்காக ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 64 பேர் இறந்தனர். 2025 டிசம்பரில் கோவாவின் ஆர்ப்போரா கிளப் தீயில் 25 பேர் மாண்டனர். பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்தவர்கள். கொல்கத்தாவுக்கும் இந்த வடு உண்டு: 2010 மார்ச் 23-இல் பார்க் ஸ்ட்ரீட்டின் ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் 43 பேர் இறந்தார்கள். மொட்டைமாடிக்கு ஓடியவர்களைப் பூட்டிய கதவு தடுத்தது.

ஆபத்து வேளையில் மக்கள் உள்ளே வந்த வாசலையே தேடி ஓடுவார்கள். அதனால் நுழைந்ததும் இரண்டாவது வழி எங்கே, அது பூட்டில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய அரங்குக்குள் வாணம் கொளுத்தினால், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியேறிவிடுவதே அறிவு. தீயணைப்புத் துறைக்கு 101.

செவிக்கு வரும் கேடு உடனே தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறி, அரங்கின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த அளவிலேயே, அரை மணிக்கும் குறைந்த நேரத்தில், ஒரு வாரத்துக்குப் பாதுகாப்பான ஒலி முழுவதும் காதில் ஏறிவிடும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் காக்கவே எழுதப்பட்டவை. உள்ளே நிற்பவரின் காதை அவரே காத்துக்கொள்ள வேண்டும். காதடைப்பான் வாங்க அதிகம் செலவாகாது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காமல் இருக்கச் செலவே இல்லை. ஒரு காது திடீரென மந்தமானால் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். தாமதித்தால் சிகிச்சை பலிப்பது குறையும்.

பணத்துக்கும் சட்டம் காப்பு தருகிறது. நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது சேவைக் குறைபாடு. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்ப்பதும் தவறு. இதுபற்றிய 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. முதலில் 1915 என்ற எண்ணை அழைக்கலாம். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், கொல்கத்தாவில் ஏமாந்தவர் சென்னையிலோ மதுரையிலோ முறையிட முடியும்.

சீண்டலை ‘அந்த இடத்துக்கு ஏன் போனாய்’ என்ற கேள்வியால் மூடுவது பழைய நோய். 2012 பிப்ரவரியில் பார்க் ஸ்ட்ரீட் கிளப்பிலிருந்து வெளியே வந்த சுசெட் ஜோர்டானை ஓடும் காரில் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர் சொன்னது புனைவு என்று ஆட்சியிலிருந்தவர்களே பேசினர். அவர் தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் போராடினார். 2015 டிசம்பரில் மூவர் தண்டிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

விருப்பமில்லாமல் தொடுவதும் பாலியல் கோரிக்கை வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். உடனடி உதவிக்கு 112. கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால் அவற்றைக் கைப்பற்றுமாறு போலீஸிடம் அன்றே எழுதிக் கொடுப்பது நல்லது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; எஃப்.ஐ.ஆர். நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும்.