வியாழன் வரும்போது விலகி நிற்கும் ஹில்டா

குருப் பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை வருகிறது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள், பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஓராண்டு. இந்தக் கணக்கு கையில் இருந்தால் போதும். ஹில்டா என்ற சிறுகோள் வியாழனிடம் சிக்காமல் தப்பித்து வரும் வழியை நாமே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஹில்டாவை 1875 நவம்பர் 2 அன்று கண்டுபிடித்தவர் யோகான் பலீசா. இன்று குரோஷியாவில் இருக்கும் பூலா, அப்போது ஆஸ்திரியக் கடற்படையின் துறைமுகம். அங்கிருந்த கடற்படை வானாய்வகத்தில் அவருக்கு வேலை. சிறுகோள் தேடப் புகைப்படம் வராத காலம் அது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, அதில் இல்லாத புள்ளி ஏதாவது நகர்கிறதா என்று இரவு இரவாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தே 120க்கும் மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டறிந்தவர் பலீசா. அவற்றில் ஒன்றுதான் சுமார் 170 கிலோமீட்டர் அகலமுள்ள இந்தக் கரிய பாறை.

ஹில்டா சூரியனைச் சுற்ற 7.9 ஆண்டுகள் ஆகின்றன. எட்டு என்றே வைத்துக்கொள்வோம்; வியாழனுக்குப் பன்னிரண்டு. ஹில்டா மூன்று சுற்று முடிக்கும்போது வியாழன் இரண்டு சுற்று முடிக்கிறது. இதற்கு 3:2 ஒத்திசைவு என்று பெயர்.

அதன் பாதை நீள்வட்டம். சூரியனுக்கு அருகே வரும் முனையில் தொலைவு 3.4 வானியல் அலகு, விலகிப் போகும் முனையில் 4.5. (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு, சுமார் 15 கோடி கி.மீ.) வியாழன் இருப்பது 5.2இல். விலகிய முனையில் இருவரும் சந்தித்தால் இடைவெளி ஏறக்குறைய 10 கோடி கி.மீ.தான். பூமியைப் போல 318 மடங்கு நிறையுள்ள கோளுக்குப் பக்கத்தில் அது ஆபத்தான நெருக்கம்.

இனி ராசிக் கணக்குக்கு வருவோம். சூரியனில் நின்று பார்ப்பதாகக் கொள்ளுங்கள். ஹில்டாவின் அருகு முனை மேஷத்தில், விலகிய முனை எதிரே துலாமில் என்று வைப்போம். தொடக்கத்தில் ஹில்டாவும் வியாழனும் மேஷத்தில் இருக்கின்றன. நான்காம் ஆண்டு ஹில்டா துலாமுக்குப் போகிறது. வியாழனோ சிம்மத்தில், இரண்டு ராசி பின்னால். பன்னிரண்டாம் ஆண்டு ஹில்டா மறுபடி துலாமில். வியாழன் நேர் எதிரே மேஷத்தில். இருபதாம் ஆண்டு மூன்றாம் முறையாகத் துலாம். வியாழன் இரண்டு ராசி முன்னால், தனுசில். இருபத்துநான்காம் ஆண்டு இரண்டும் மேஷத்தில் மீண்டும் சந்திக்கும்போது நடுவே 27 கோடி கி.மீ. இடைவெளி. ஆபத்தான முனைக்கு ஹில்டா போகும் ஒவ்வொரு தடவையும் வியாழன் வேறெங்கோ இருக்கிறது.

தற்செயலாக அமைந்த பொருத்தம் என்றால் சில ஆயிரம் ஆண்டுகளில் கலைந்துபோயிருக்கும். கலையாததற்குக் காரணம் வியாழனின் ஈர்ப்பேதான். சந்திப்பு ஒருமுறை மேஷத்தைச் சற்றுத் தாண்டி நடக்கிறது என்று கொள்வோம். அப்போது ஹில்டா வெளிப்புறமாக ஏறிக்கொண்டிருக்கும்; வேகம் கூடியது என்பதால் வியாழனை முந்திப் போகும். பின்னாலிருந்து வியாழன் அதை இழுக்கிறது. இழுத்தால் வேகம் குறைய வேண்டாமா? ஆற்றலை இழந்த ஹில்டா சற்றே சிறிய பாதைக்கு இறங்குகிறது, சிறிய பாதையில் சுற்றுக்காலமும் குறைகிறது. அதனால் அடுத்த சந்திப்பு முன்கூட்டியே, மேஷத்தை நோக்கித் திரும்பி நடக்கிறது. மறுபக்கம் நழுவினாலும் இதே திருத்தம்தான், திசை மட்டும் மாறும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

இதே தாளத்தில் சுற்றும் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் புள்ளிகளாகக் குறித்தால் ஒரு முக்கோணம் தெரியும். ஒரு மூலை வியாழனுக்கு 60 பாகை முன்னால், ஒன்று 60 பாகை பின்னால், மூன்றாவது நேர் எதிரே. நாம் துலாமில் எண்ணிய அதே மூன்று நிலைகள். முக்கோணம் வியாழனோடு சேர்ந்து சுழல்கிறது. ஆனால் எந்தப் பாறையும் முக்கோணத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் நீள்வட்டத்தில்தான் போகிறது.

ஒத்திசைவு எப்போதும் காப்பாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம். 1866இல், நூறு சிறுகோள்கள்கூடத் தெரியாத காலத்தில், அமெரிக்கக் கணித அறிஞர் டேனியல் கிர்க்வுட் சிறுகோள் பட்டையில் வெற்றிடங்களைச் சுட்டிக்காட்டினார். 2.5 வானியல் அலகில், வியாழன் ஒரு சுற்றுக்கு மூன்று சுற்று வரும் இடத்தில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு கூடுவதுபோல, அங்கே பாதை நீண்டுகொண்டே போய்ச் செவ்வாயின் பாதையையும் பூமியின் பாதையையும் வெட்டுகிறது. பூமியில் விழும் விண்கற்களில் ஒரு பங்கு இந்த வழியாக வந்தவைதான். ஒரு தாளம் காப்பதும் இன்னொன்று கெடுப்பதும் ஏன் என்பதற்கு ஒரு வரியில் விடை கிடையாது. ஒத்திசைவுக்குள் வேறு மெதுவான அசைவுகள் எப்படிக் கலக்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

பிடிமானம் இல்லாமல் அந்த 8 ஆண்டுப் பாதைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் வானியலாளர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். பின்லாந்தின் லீசி ஓத்தெர்மா 1943இல் கண்டுபிடித்த வால்மீன், கிட்டத்தட்ட ஹில்டாவின் சுற்றுக்காலத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. 1937இல் வியாழனை நெருங்கியபோதுதான் வெளியே இருந்த அதன் பாதை இப்படி உள்ளே இழுக்கப்பட்டது. 1963இல் வியாழன் அதை மீண்டும் நெருக்கத்தில் சந்தித்தது. இப்போது அந்த வால்மீன் வியாழனுக்கு வெளியே, ஒரு சுற்றுக்கு 19 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு சுற்றுகிறது.