எஞ்சின் அறையில் உருவான அட்மிரல்

1909-ல் செஸ்டர் நிமிட்ஸ் என்ற 24 வயது அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கு 'பிளங்கர்' என்ற சிறிய நீர்மூழ்கிக் கப்பலின் பொறுப்பு தரப்பட்டது. அவர் விரும்பியது பெரிய போர்க்கப்பல். முந்தைய ஆண்டு பிலிப்பைன்ஸ் கடலில் தன் கப்பலைத் தரைதட்ட விட்டதற்காக இராணுவ நீதிமன்றத்தின் கண்டனத்தையும் அவர் பெற்றிருந்தார். நீர்மூழ்கிகளை யாரும் மதிக்காத காலம் அது.

அன்றைய நீர்மூழ்கி, நீர்மேல் போகும்போது பெட்ரோல் எஞ்சினில் ஓடும். பேட்டரிகளுக்கு மின்னேற்றுவதும் அதே எஞ்சின்தான். மூழ்கியபின் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது; பேட்டரி மின்சாரத்தில் மோட்டார் சுழன்று கப்பலை நகர்த்தும். ஆபத்து பெட்ரோலில் இருந்தது. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் எரிபொருள் அது. மூடிய எஃகுக் கூட்டுக்குள் அந்த ஆவி தேங்கினால் மாலுமிகள் மயங்குவார்கள்; ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

இதற்கு விடை டீசல் என்று நிமிட்ஸ் வாதாடினார். டீசல் எளிதில் ஆவியாவதில்லை. அந்த எஞ்சினுக்குத் தீப்பொறியும் வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைப் பார்த்திருப்போம். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்று அதைவிடப் பல மடங்கு அழுத்தப்படுவதால் கடுமையாகச் சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் முதல் டீசல் நீர்மூழ்கியான 'ஸ்கிப்ஜாக்' 1912-ல் சேவைக்கு வந்தபோது அதன் தலைவர் நிமிட்ஸ்தான். அடுத்த ஆண்டு டீசல் தொழில்நுட்பத்தைக் கற்க ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போனார். ஒருமுறை எஞ்சினை இயக்கிக் காட்டியபோது கையுறை பல்சக்கரத்தில் சிக்கி, ஒரு விரலின் பகுதியை இழந்தார்.

நீர்மூழ்கி அதிகாரிக்கு இந்த எஞ்சின் அறிவு கூடுதல் தகுதியன்று, உயிர்காக்கும் தேவை. ஆட்கள் குறைவு, தப்பிக்க இடமில்லை. உப்புநீர் பேட்டரி அமிலத்தில் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். ஒவ்வொரு வால்வும் எதற்கென்று தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1920-ல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் நீர்மூழ்கித் தளம் அமைக்கும் பணி நிமிட்ஸிடம் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கிப் பெரும் போர்க்கப்பல்களை முடக்கின. நீர்மூழ்கித் தளமும் எண்ணெய்க் கிடங்குகளும் தப்பின. டிசம்பர் 31 அன்று, 'கிரேலிங்' என்ற நீர்மூழ்கியின் மேல்தளத்தில் நின்று நிமிட்ஸ் பசிபிக் கடற்படைத் தலைமையை ஏற்றார். 1944-ல் கடற்படையின் உச்சப் பதவியான ஃப்ளீட் அட்மிரல் ஆனார். கடற்படையினரில் ஏறத்தாழ 2 விழுக்காடே இருந்த நீர்மூழ்கிப் பிரிவு, ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மூழ்கடித்தது. அதற்குக் கொடுத்த விலை 52 நீர்மூழ்கிகள், 3,500-க்கும் மேற்பட்ட உயிர்கள். கடலடியிலேயே தங்கிவிட்ட அந்த மனிதர்களை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் பேசுவது நியாயமாகாது.

போருக்குப் பின் கடற்படைத் தலைமைத் தளபதியான நிமிட்ஸ், 1947-ல் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்கு ஒப்புதல் கையெழுத்திட்டார். கடற்படைப் பொறியாளர் ரிக்கோவர் தலைமையில் உருவான 'நாட்டிலஸ்' என்ற நீர்மூழ்கி 1955 ஜனவரியில் அணுசக்தியில் ஓடியது. 1958-ல் பனிக்கடியிலேயே வட துருவத்தைக் கடந்தது. டீசலின் எல்லை காற்று. அணு உலைக்குக் காற்றே தேவையில்லை. இந்த வேறுபாட்டின் மதிப்பை நிமிட்ஸுக்குக் கோப்புகள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் ஆவிக்கு நடுவே வேலை பார்த்தவர் அவர். இயந்திரத்தைக் கையால் தொட்டுக் கற்றவர்களுக்குத் தலைமைப் பொறுப்பு தருவதால் ஒரு நிறுவனம் அடையும் பயன் இதுவே: வரப்போகும் மாற்றத்தை அவர்களால் உரிய நேரத்தில் அடையாளம் காண முடிகிறது.