பாறை ஏறுதல்

கர்நாடக மாநிலத்தில் துங்கபத்திரை ஆற்றின் இரு கரைகளிலும் யானைக் கூட்டம் போலக் கருங்கற் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. தென்கரையில் ஹம்பி, வடகரையில் ஆனெகுந்தி. இப்பாறைகளை எவரும் அடுக்கவில்லை. விரிசல்களின் வழியே நீர் புகுந்து, விளிம்புகள் தேய்ந்து, நெடுங்காலத்தில் இவை உருண்டு திரண்டன. குளிர்காலத்தில் பாறை ஏறுவோர் இங்கு வந்து கூடுவர்.

உயரம் குறைந்த பாறைகளில் கயிறின்றி ஏறுவதைப் 'போல்டரிங்' என்பர். கீழே தடித்த மெத்தை விரிக்கப்பட்டிருக்கும். ஏறுபவர் தவறி விழுந்தால் மெத்தையின் மேல் விழச்செய்ய அருகில் ஒருவர் கைகளை உயர்த்தி நிற்பார். அவர் கவனம் சிதறினால் மெத்தையால் பயனில்லை.

புதியவர் கைவலிமையை நம்பி விரைவில் களைத்துப்போவார். பழகியவரோ உடலின் எடையைக் கால்களில் தாங்குவார்; விரல்கள் பாறையைப் பற்றியிருக்க, கண்கள் அடுத்த அடிக்கு இடம் தேடும். இறங்கும் வழியை ஏறுமுன்னரே பார்த்து வைத்திருப்பார். இத்தகைய திறன் முதுமையிலும் கைகொடுக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்செல் ரெமி, 2017-ஆம் ஆண்டில், தம் 94-ஆம் வயதில், கயிற்றின் துணையுடன் ஆல்ப்ஸ் மலையின் நெடிய பாறைச்சுவர் ஒன்றில் ஏறி முடித்தார்.