அடிபட்டது இடுப்பில், மரத்தது பாதம்!



கொடைக்கானலுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் பாதையில் மழை ஈரம் இருந்தால், வழுக்காத கால் இல்லை எனலாம். அங்கே ஒருவர் சறுக்கி, இடுப்பு பாறையில் மோதும்படி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவர், "பாதம் மரத்துப்போயிற்று, பெருவிரலைத் தூக்க முடியவில்லை" என்கிறார். அடிபட்டது ஓரிடம், தொல்லை வேறிடம். இது எப்படி?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் தொலைபேசிக் கம்பி மலைப்பாதையின் நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? கொடைக்கானலில் தொலைபேசி ஊமையாகிவிடும். பழுது கருவியில் இல்லை, வழியில் இருக்கிறது. நம் கால்களின் கதையும் இதுதான். பாதத்துக்குரிய நரம்பிழைகள் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்பட்டு, சுமார் ஒரு மீட்டர் தூரம் ஓடுகின்றன. பெருவிரலைத் தூக்கும் ஆணை பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பின் வழியே வருகிறது. நுனிக்காலில் நிற்க உதவுவது அதற்கு அடுத்த நரம்பு. ஆகவே எந்த விரல் அசையவில்லை, எங்கே உணர்ச்சி இல்லை என்பதைக் கொண்டே, பழுது எங்கே என்று மருத்துவர் ஊகித்துவிடுவார்!

நரம்பில் செய்தி எப்படிப் போகிறது? செம்புக் கம்பியில் போல அல்ல. சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்பிழையின் உறையைக் கடந்து உள்ளும் புறமும் பாய, ஒரு மின்துடிப்பு அலைபோல் நகர்கிறது. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தவளையின் நரம்பில் இதை அளந்தார். வேகம் நொடிக்குச் சுமார் 30 மீட்டர்தான்! நம் காலின் விரைவான இழைகளில் இது 50 மீட்டர் அளவில் இருக்கும். மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளிலோ சுமார் ஒரு மீட்டரே. கால்விரல் கல்லில் இடித்ததும் முதலில் 'சுரீர்' என்கிறது, சற்றுக் கழித்தே வலி பரவுகிறது அல்லவா? காரணம் இதுதான்.

நெடுநேரம் சம்மணமிட்டு எழுந்தால் கால் மரத்து, பின் சரியாகிவிடும். அது சிறிது நேர அழுத்தத்தின் விளைவு. காலில் ஓடும் நரம்பிழை நசுங்கி அறுந்தால், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடும். முழங்காலிலிருந்து பாதத்தை எட்ட ஓராண்டுகூட ஆகலாம். முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடமோ இவ்வாறு வளர்வதில்லை.

1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் கலந்துகொண்ட பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், உயரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர் மனம் தளரவில்லை. 1981இல் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, உடல் ஊனமுற்ற எண்ணற்றவர்களுக்கு வாழ்வளித்தார்.

ஆகவே, விழுந்தவர் கால் மரக்கிறது, அசையவில்லை என்றால், அவரை அள்ளித் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். உடைந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடலாம். தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொண்டு, 108ஐ அழையுங்கள். சில நாள் கழித்துத் தொடையிடுக்கு மரத்தாலோ சிறுநீர் கழிக்க இயலாவிட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாதம் சொல்லும் செய்தி முதுகிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அதை மறவாதீர்கள்!