‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ – வரலாற்று ஆய்வுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்தல்

போட்டி அறிவிப்பு வருகிறது. தலைப்பு இருக்கிறது, கடைசி நாளும் இருக்கிறது. நம் கையில் மிஞ்சுவது பத்து நாள்தான். நன்றாக எழுதும் ஒரு மாணவியை அழைக்கிறோம். இணையத்திலிருந்து நான்கு பக்கம் எடுத்துக் கொடுக்கிறோம். அழகான கையெழுத்தில் எழுதித் தருகிறாள். சான்றிதழும் வந்துவிடுகிறது. ஆனால் அந்த மாணவி செய்தது ஆய்வா? யாரோ கண்டறிந்து எழுதியதைப் படியெடுத்தாள், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கும் பழக்கப்பட்ட காட்சி இது. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. பாடம் முடிக்க வேண்டும், பதிவேடுகள் முடிக்க வேண்டும். அதற்கிடையில்தான் போட்டியும் வருகிறது. ஆயினும், அதே உழைப்பைச் சற்று முன்கூட்டியே, சற்று வேறு விதமாகச் செலவிட்டால் ஒரு மாணவர் வாழ்நாளுக்கும் மறக்காத ஒன்றைக் கற்றுக்கொள்வார்.

ஒரு துண்டுச் செய்தி

1999ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் யூனியன்டவுன் என்ற சிற்றூர். அங்குள்ள பள்ளியின் ஆசிரியர் நார்மன் கோனார்ட், ‘தேசிய வரலாற்று நாள்’ என்னும் போட்டிக்குச் சில மாணவியரைத் தயார்செய்தார். அவர் எடுத்துக் கொடுத்தது 1994இல் ஓர் இதழில் வந்த சிறு செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, வார்சா நகரில் யூதர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த பகுதியிலிருந்து இரேனா சென்ட்லர் என்ற பெண் 2,500 குழந்தைகளைக் காப்பாற்றினார் என்று அதில் இருந்தது. ஆசிரியர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. எண்ணில் அச்சுப்பிழை இருக்கலாம் என்று மாணவியரிடம் சொன்னார்.

அந்த ஐயத்திலிருந்துதான் ஆய்வு தொடங்கியது. மாணவியர் தேடினார்கள். இறந்திருப்பார் என்று எண்ணி, அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைத் தேடியபோது, அவர் வார்சாவில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. கடிதம் எழுதினார்கள். குழந்தைகளின் உண்மைப் பெயர்களை எழுதிய பட்டியல்களைச் சென்ட்லர் ஜாடிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்திருந்தார். அதையே மையமாக வைத்து ஒரு குறுநாடகம் எழுதி நடித்தார்கள். 2001இல் அவரை நேரில் சந்தித்தார்கள். 2008இல், தம் 98ஆம் வயதில் அவர் காலமானார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் 1965இலேயே சென்ட்லரைப் பாராட்டியிருந்தது. ஆகவே அவர் எவருமே அறியாதவர் அல்லர். அந்தப் பணியை அவர் தனியாகச் செய்யவும் இல்லை. ஜெகோட்டா என்ற தலைமறைவு அமைப்பும் பல சமூகப் பணியாளர்களும் உடன் இருந்தார்கள். 2,500 என்ற எண்ணைப் பிற்காலத்தில் அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் மீண்டும் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆசிரியர் எழுப்பிய அந்த முதல் ஐயம் வேறு வடிவில் தொடர்ந்தது. வரலாற்று ஆய்வின் இயல்பே அதுதான்.

நமக்கு இதில் உள்ள பாடம் எளியது. அந்த ஆசிரியர் விடையைக் கொடுக்கவில்லை. தமக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொடுத்தார்.

போட்டிகள் எதைப் பார்க்கின்றன?

தேசிய வரலாற்று நாள் 1974இல் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் பங்கேற்கலாம். ஆண்டுக்கு ஒரு பொதுக் கருத்து அறிவிக்கப்படும். கட்டுரை, காட்சிப்பலகை, ஆவணப்படம், நடிப்பு, இணையதளம் என ஐந்து வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மதிப்பெண்ணில் 80 விழுக்காடு வரலாற்றுத் தரத்துக்கு. வெளிப்படுத்தும் தெளிவுக்கு 20 விழுக்காடு மட்டுமே. பயன்படுத்திய ஒவ்வொரு சான்றும் எப்படி உதவியது என்று குறிப்பு எழுத வேண்டும். ஆய்வை எப்படிச் செய்தோம் என்பதற்கும் தனி அறிக்கை உண்டு. நடுவர்கள் மாணவர்களோடு நேரில் உரையாடவும் செய்வார்கள்.

ஜெர்மனியில் குடியரசுத் தலைவர் பெயரால் நடக்கும் வரலாற்றுப் போட்டி 1973இல் தொடங்கியது. அங்கே மாணவர்கள் தம் ஊரையோ குடும்பத்தையோ ஒட்டி ஆய்வு செய்கிறார்கள். அங்கும் ஆய்வு நடந்த விதம் பற்றிய அறிக்கை கட்டாயம்.

இரண்டு போட்டிகளும் முடிவை மட்டும் கேட்பதில்லை. வந்த வழியையும் கேட்கின்றன. ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்பதே அவற்றின் அடிப்படைக் கேள்வி. நம் பள்ளி அளவில், மாவட்ட அளவில் நடக்கும் எந்தப் போட்டிக்கும் இந்தக் கேள்வியை முன்வைத்தே தயார்செய்யலாம்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுதல்

‘மதிய உணவுத் திட்டத்தின் வரலாறு’ என்பது தலைப்பு, ஆய்வுக்கேள்வி அன்று. அதற்கான செய்திகள் ஏற்கெனவே நூல்களில் உள்ளன. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடக்கம், 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022இல் காலை உணவு. இவற்றை வரிசையாக எழுதினால் அது தகவல் தொகுப்பு.

இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘1982இல் சத்துணவு வந்த பிறகு நம் பள்ளியில் பெண் குழந்தைகளின் சேர்க்கை மாறியதா?’ இதற்கு விடை எந்த நூலிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. உங்கள் பள்ளி அலமாரியில் இருக்கிறது.

நல்ல கேள்விக்கு மூன்று அடையாளங்கள்: இடமும் காலமும் குறுகியிருக்கும், மாணவர் கைக்கு எட்டும் சான்று இருக்கும், விடை ‘ஆம்’ என்றும் வரலாம், ‘இல்லை’ என்றும் வரலாம்.

சான்றைத் தேடுதல், சோதித்தல்

மேற்கண்ட கேள்விக்கு முதல் சான்று பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1977 முதல் 1986 வரை, ஆண்டுவாரியாக, ஆண் பெண் எனப் பிரித்து எண்ணச் சொல்லலாம். தலைமையாசிரியரின் அனுமதி முதலில் வேண்டும். பழைய பதிவேட்டில் பெயர், சாதி, பெற்றோர் தொழில் எல்லாம் இருக்கும். அவை உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள். ஆகவே பதிவேடு ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். ஆண்டு, வகுப்பு, பாலினம் இவற்றை மட்டும் ஆசிரியர் படிக்க, மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது வாய்மொழிச் சான்று. முன்னாள் மாணவர், ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், சமையலர் ஆகியோரைச் சந்திக்கலாம். ‘திட்டம் நல்ல திட்டமா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். ‘எதில் வாங்கிச் சாப்பிட்டீர்கள்? எங்கே உட்கார்ந்தீர்கள்? சாப்பிடாமல் வீட்டுக்குப் போனவர்கள் யாராவது உண்டா?’ என்று கேட்டால் நினைவு திறக்கும். பதிவு செய்வதற்கு முன் அவர் சம்மதத்தைப் பெறவும், நாளைக் குறித்துக்கொள்ளவும் பழக்க வேண்டும்.

நினைவையும் சோதிக்க வேண்டும். ‘நான் ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியில் சத்துணவு சாப்பிட்டேன்’ என்று ஒருவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் அவர் 1979இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். சத்துணவோ 1982இல்தான் வந்தது. பெரியவர் பொய் சொல்கிறாரா? அவசரப்பட வேண்டாம். 1982க்கு முன்பும் பல பள்ளிகளில் மதிய உணவு இருந்தது. பழைய திட்டத்தில் உண்டதைப் புதிய பெயரால் அவர் நினைவுகூரலாம். இரண்டு சான்றுகள் முரண்படும் இந்த இடத்தில்தான் மாணவர் உண்மையாகவே சிந்திக்கத் தொடங்குகிறார்.

எண்ணிக்கை கூடியிருந்தாலும் உடனே ‘சத்துணவுதான் காரணம்’ என்று எழுதிவிட விடக்கூடாது. அதே ஆண்டில் புதிய வகுப்பறை வந்திருக்கலாம். பக்கத்து ஊருக்குச் சாலை வந்திருக்கலாம். ஊரின் மக்கள்தொகையே கூடியிருக்கலாம். பையன்களின் எண்ணிக்கையும் அதே அளவு கூடியதா? பக்கத்துப் பள்ளியில் என்ன நிலை? 1981, 1991 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இப்படி வேறு காரணங்களையும் பார்த்துவிட்ட கட்டுரைக்கு நடுவர் முன் தனி மதிப்பு உண்டு.

பத்து வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: ஊரைச் சுற்றிப் பார்த்தல், கேள்விகளைப் பட்டியலிடுதல், ஒன்றைத் தேர்தல்.

மூன்றாம் வாரம்: அதைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் படித்தல். நூலகம், மாவட்ட விவரச்சுவடி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவும்.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: சான்று திரட்டுதல். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு அட்டை: எது, எங்கே கிடைத்தது, எந்த நாள் பார்த்தேன், என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை.

ஏழாம் வாரம்: சான்றுகளை ஒப்பிட்டு, விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல்.

எட்டு, ஒன்பதாம் வாரங்கள்: எழுதுதல், திருத்துதல்.

பத்தாம் வாரம்: சக மாணவர்கள் நடுவர்களாக அமர்ந்து கேள்வி கேட்டல்.

அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்கினால் காலம் போதாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே மன்ற நேரத்தில் தொடங்கிவிட்டால், போட்டி வரும்போது தலைப்புக்கு ஏற்ப வடிவமைத்தாலே போதும்.

தொடக்க வகுப்புகளில்

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆய்வு என்ற பெரிய சொல் தேவையில்லை. வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: பழைய குடும்ப அட்டை, பாட்டியின் படி, ஒரு புகைப்படம். ‘யாருடையது? எந்தக் காலத்தது? அது உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற மூன்று கேள்விகள் போதும். ‘பாட்டி சொன்னாங்க’ என்பது நல்ல விடை. ‘அட்டையிலேயே ஆண்டு போட்டிருக்கு டீச்சர்’ என்பது இன்னொரு நல்ல விடை. இரண்டும் வெவ்வேறு வகைச் சான்றுகள் என்பது குழந்தைக்குப் புரிந்துவிட்டால் அடித்தளம் அமைந்துவிட்டது.

நம் கை எங்கே நிற்க வேண்டும்?

அனுமதி வாங்கித் தருவது நம் வேலை. யாரைச் சந்திக்கலாம் என்று வழிகாட்டுவதும், எழுத்துப் பிழையைச் சுட்டுவதும் நம் வேலை. வாக்கியத்தை நாமே எழுதித் தருவது நம் வேலை அன்று. நாம் எழுதிய அழகான பத்தி, நடுவரின் முதல் கேள்வியிலேயே மாணவரைத் தலைகுனிய வைத்துவிடும். அந்தக் குனிவு பரிசு கிடைக்காததைவிடப் பெரிய இழப்பு.

இன்னொரு சோதனையும் நமக்கு வரும். பதிவேட்டை எண்ணி முடித்த மாணவி வந்து, ‘1982க்கு அப்புறமும் பொண்ணுங்க எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு சார். இப்ப என்ன எழுதுறது?’ என்று கேட்கலாம். அப்போது ‘கொஞ்சம் மாற்றி எழுது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘அதையே எழுது; ஏன் மாறவில்லை என்று தேடு’ என்று சொல்லுங்கள். ஒருவேளை பரிசு போகலாம். ஆனால் தான் எண்ணிக் கண்டதை மாற்றாமல் எழுதலாம், அதற்கு ஆசிரியர் துணை நிற்பார் என்பதை அந்த மாணவி நம் வகுப்பில்தான் கற்றிருப்பாள்.