வெடிக்காத வாணவேடிக்கை

நம்ம ஊர்க் கொடை வாணவேடிக்கை இல்லாமல் முடியுமா? பக்கத்திலேயே சிவகாசி; கேட்கவா வேண்டும்! ஆனால் வெடிக்காமல், புகையாமலும் ஒரு வேடிக்கை உண்டு நண்பர்களே. அதுதான் ட்ரோன் ஒளிக்காட்சி.

2022 ஜனவரி 29. டெல்லி விஜய் சவுக்கில் பாசறை திரும்பும் விழா. 1000 ட்ரோன்கள் கூட்டமாய் எழும்பி 10 நிமிடம் வானத்தில் படம் வரைந்தன. செய்தது, டெல்லி ஐ.ஐ.டி.யில் முளைத்த பாட்லேப் டைனமிக்ஸ் நிறுவனம்.

"ஆயிரத்தையும் ஆயிரம் பேரா ஓட்டுனாங்க?" என்கிறீர்களா? இல்லை! எந்த ட்ரோன் எந்த விநாடியில் எங்கே, என்ன நிறத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றிவிடுவார்கள். தரையில் இருப்பவர்கள் கண்காணித்தால் போதும்.

சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும், ஒன்றோடொன்று மோதிவிடுமே! அதற்குத்தான் ஆர்.டி.கே. முறை. தரையில் நிற்கும் ஒரு நிலையம் பிழையைத் திருத்தும் கணக்கை ரேடியோவில் அனுப்பும். பிசகு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்.

குறையும் உண்டு. பேட்டரி அதிக நேரம் தாங்காது. நம்ம ஆடிக் காற்றில் பறக்கவிட்டால் படம் கலைந்துபோகும். 'டமார்' சத்தமும் கிடையாது!

தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் பூமி இது. நாளைக்கு வேடிக்கை மாறினால் வேலையும் நம்மை விட்டுப் போய்விடக் கூடாது. ஆயிரம் பேட்டரிக்குச் சார்ஜ் போட, மோட்டாரைச் சோதிக்க, சால்டரிங் பிடிக்க ஆள் வேண்டும். அது டிப்ளமோக்காரன் கை வேலைதானே? இப்போதே கற்போம்!